கால் நனையாத ஏரிக்கரை

ஜூன் 9, திங்கள்: மூடிக் கிடந்த பாலம்

இந்த ஜூன் பள்ளி விடுமுறையில் வெளியூர் எங்கும் போவதில்லை என்று முடிவானபோது, பிள்ளைகளைவிட அதிகமாக மகிழ்ந்தவர் என் அப்பாதான். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு நீண்ட பேருந்துப் பயணமும் சோதனைச்சாவடி வரிசையும் ஒத்துக்கொள்வதில்லை. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து எளிதில் போய்ச் சேரக்கூடிய காட்டு ஏரிகளை ஒவ்வொன்றாக நடந்து பார்ப்பது என்று, அவரும் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டார்கள். ஏழு வயது மகனுக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்பு: ஏரி என்றால் இறங்கிக் குளிக்கலாம். அது நடக்காது என்பதை அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

காலை ஏழேகாலுக்கு விண்ட்சர் இயற்கைப் பூங்காவின் வாசலில் இருந்தோம். மர உச்சிகளுக்கு நடுவே தொங்கும் 250 மீட்டர் பாலத்தில்தான் பயணம் தொடங்க வேண்டும் என்பது மகளின் பிடிவாதம். பாலம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அவசரமில்லாமல் நடந்தோம். வெயில் தரைக்கு வரவில்லை; ஆனால் காற்றும் வரவில்லை. பத்தே நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாதையோரம் அகன்ற இலைகளும் மஞ்சள் பூக்களுமாக நின்ற சிம்போ ஆயர் செடியைக் காட்டி, அந்தக் காலத்துச் சந்தையில் தெம்பே என்ற புளித்த சோயாக் கட்டியை இந்த இலையில்தான் மடித்துத் தருவார்கள் என்று அப்பா சொன்னார். தெம்பேயைப் பேரங்காடியின் நெகிழிப் பொட்டலத்தில் மட்டுமே பார்த்திருக்கும் மகள், ஓர் இலையைப் பறிக்கலாமா என்று கேட்டாள். இங்கே எதையும் பறிக்கக்கூடாது என்றதும், கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தாள்.

ஏற்றமும் இறக்கமுமாக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வனக்காவலர் நிலையத்தை அடைந்த பிறகுதான், பொது விடுமுறையாக இருந்தாலன்றித் திங்கட்கிழமைகளில் பாலம் மூடியிருக்கும் என்ற அறிவிப்பைப் பார்த்தேன். இது யாரும் மறைத்து வைத்த செய்தி அன்று. திறக்கும் நேரத்தைப் பார்த்த நான் கிழமையைப் பார்க்கவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மகன் அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினான்.

அவன் அழுகையை நிறுத்தியது ஒரு குரங்கு. என் கணவர் ஆறுதலுக்காகச் சிவப்பு நெகிழிப் பையிலிருந்து ரொட்டியை எடுப்பதற்குள், நீண்டவால் குரங்கு ஒன்று கூரையிலிருந்து இறங்கி, பையைப் பறித்துக்கொண்டு மரத்தின்மேல் போய்விட்டது. அருகில் அமர்ந்திருந்த முதிய சீனர் ஒருவர் எழுந்து வந்து, பிள்ளைகளைத் தம் பின்னால் நிறுத்திக்கொண்டு, கைத்தடியைத் தரையில் தட்டியபடி அசையாமல் நின்றார். மற்றக் குரங்குகள் மெல்ல விலகிய பிறகு அவர் அப்பாவிடம் மலாயில் பேசினார்; அப்பாவும் மலாயிலேயே பதில் சொன்னார். நெகிழிப் பையின் சலசலப்பைக் கேட்டாலே அவை உணவு என்று தெரிந்துகொள்ளும், முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம் என்பது அவர் சொன்னதன் சுருக்கம். வனவிலங்குகளுக்கு உணவு கொடுத்தால் முதல்முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையும் மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு என்பதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நாங்கள் கொடுக்கவில்லையே, அதுவாகத்தானே எடுத்துக்கொண்டது என்று மகன் கண்ணீரோடு வாதாடினான்.

ஒரு தமிழரும் ஒரு சீனரும் சந்தை மலாயில் இருபது நிமிடம் உரையாடியதை என் பிள்ளைகள் முதன்முதலாக இன்றுதான் கேட்டார்கள். இருவரும் பழைய கம்பங்களை, அதாவது அந்தக் காலத்துக் கிராமங்களைப் பற்றியும், யார் யார் எந்தப் பேட்டைக்கு மாறிப் போனார்கள் என்பதைப் பற்றியும் பேசினார்கள். பிரியும்போது அவர் தம் டப்பாவிலிருந்து இரண்டு ஆங் கூ குவே எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். சிவப்பு மாவும் உள்ளே இனித்த பாசிப்பருப்பும் அவர்களை ஓரளவு சமாதானப்படுத்தின. பகல் பன்னிரண்டுக்கு அப்பர் தாம்சன் சாலைக்கு வந்து, ஆளுக்கு இரண்டு கோசோங் பிராட்டாவும் (உள்ளே எதுவும் வைக்காத பரோட்டா) மீன் குழம்பும் தே ஓ ஐசும் (பாலில்லாத குளிர்ந்த தேநீர்) சாப்பிட்டோம். ஐந்து பேருக்கும் 31 வெள்ளி ஆனது. அந்தப் பசிக்கு அது அதிகமில்லை.

ஜூன் 10, செவ்வாய்: மெக்ரிட்சி

நேற்றைய ஏமாற்றத்துக்கு ஈடாக இன்று மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் கயாக் படகு. இரட்டை இருக்கைப் படகு ஒன்றில் கணவரும் மகளும், மற்றொன்றில் நானும் மகனும் ஏறினோம். அப்பா கரையில் நிழல் தேடி உட்கார்ந்தார். உயிர்காப்பு அங்கியை மாட்டும்போதே மகன் மீண்டும் அந்தக் கேள்வியைக் கேட்டான்: படகில் போகலாம் என்றால், ஏன் இறங்கி நீந்தக் கூடாது? துடுப்பைப் பிடித்துப் பழகவே எனக்கு நேரம் சரியாக இருந்ததால் தாத்தாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.

நீரின் நடுவிலிருந்து பார்த்தால் நகரம் முற்றாக மறைந்துவிடுகிறது. மூன்று பக்கமும் காடு ஏரியின் விளிம்பு வரை வந்து குனிந்து நிற்கிறது. வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டது. கரையோர வேர்களுக்கு இடையில் ஏறத்தாழ என் மகன் நீளத்துக்கு ஒரு நீருடும்பு நழுவி இறங்கியபோது, நீந்த வேண்டும் என்ற ஆசை அவனுக்குச் சில நிமிடங்கள் குறைந்தது. இருபது நிமிடம்தான். மேற்கே வானம் கருத்து, மின்னல் எச்சரிக்கை கொடுத்து எல்லாப் படகுகளையும் கரைக்கு அழைத்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் மழை கொட்டியது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற இளம் ஓட்டக்காரர்கள், அப்பாவைப் பார்த்ததும் இருக்கையிலிருந்து எழுந்து இடம்விட்டார்கள்.

அந்த ஒன்றரை மணி நேர மழையில்தான் அப்பா 1963ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். அப்போது அவருக்குப் பத்து வயது. வீடு பொத்தோங் பாசிர் கம்பத்தில். மழை பொய்த்ததால் ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு மறு ஆண்டு பிப்ரவரி வரை பத்து மாதம் நீடித்தது. பொதுக்குழாய் முன்னால் மண்ணெண்ணெய் டின்களும் வாளிகளும் வரிசையாக நிற்கும். ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். டின்தான் அவர்களுக்காக வரிசையில் நிற்கும். தம்முடைய டின்னை ஒருமுறை யாரோ நகர்த்திவிட்டதற்காக அவர் சண்டை போட்டு, தண்ணீரோடு சேர்த்து அடியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். அரிசி கழுவிய நீரில் பாத்திரம், பாத்திரம் கழுவிய நீரில் செடி என்று பாட்டி நடத்திய கணக்கை அவர் விரல்விட்டுச் சொன்னார். கடைசியாக மகனைப் பார்த்து, "இது குடிக்கிற தண்ணிடா. இதுல யாரும் கால் வைக்கக் கூடாது," என்றார். மகன் தலையாட்டினான். ஆனால் அவனுடைய பார்வை, மழையில் புள்ளி புள்ளியாகக் குதித்துக்கொண்டிருந்த நீரின் மேல்தான் இருந்தது.

இந்த ஏரியின் கதையே பற்றாக்குறையில் தொடங்கியதுதான். தான் கிம் செங் என்ற வணிகர், நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று 1857இல் 13,000 வெள்ளி கொடுத்தார். அவர் 1864இல் காலமானார். முதல் அணை எழுந்ததை அவர் பார்க்கவில்லை. 1882இல் அவர் நினைவாக நகராட்சி ஒரு நீரூற்றை அமைத்தது. எஸ்பிளனேட் பூங்காவில் இன்றும் இருக்கிறது. 1890களில் நீர்த்தேக்கத்தை விரிவாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயர் 1922இல் அதற்குச் சூட்டப்பட்டது. கொடுத்தவரின் பெயரும் கரையில் எங்காவது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

மழை விட்டபின், ஏரிக்கரைச் சரிவில் இருக்கும் லிம் போ செங்கின் கல்லறைக்கு நடந்தோம். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் எதிர்ப்புப் படையில் பணியாற்றிப் பிடிபட்டு, 1944இல் பேராக்கின் பத்து காஜா சிறையில் இறந்தவர். 1946 ஜனவரியில் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். மகள் பள்ளியில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறாள். கல்லறைப் படியில் ஈரச் சருகுகள் கிடந்தன. அவள் காலால் ஒதுக்காமல் குனிந்து கையால் எடுத்துப் போட்டாள்.

ஜூன் 12, வியாழன்: லோவர் பியர்ஸ்

நேற்று ஓய்வு. என் கணவரின் கணுக்கால் வீங்கியிருந்தது. துணியெல்லாம் காயவும் ஒரு நாள் தேவைப்பட்டது.

இன்று விடியற்காலை நான்கு மணிக்குச் சுமத்ராப் பக்கத்திலிருந்து வரும் சூறைக்காற்று சன்னல்களை உலுக்கியது. தென்மேற்குப் பருவத்தில் இப்படி விடிவதற்கு முன்னால் வந்து, ஓரிரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போவது வழக்கம்தான். எட்டு மணிக்கு வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. அங் மோ கியோவை ஒட்டியே இருக்கும் லோவர் பியர்ஸ் ஏரிக்கு நடந்தே போனோம். ஏரியை ஒட்டிக் காட்டுக்குள் 900 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்த நான்கு இடங்களில் இதுவே பொருத்தமானது. ஆனால் சூறைக்காற்றுக்குப் பிந்திய காலையில் போகாதீர்கள். பலகைகளில் பாசியும் ஈர இலையும் படிந்திருந்தன. மகள் வழுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டாள்.

கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த மலாய்க் குடும்பம் ஒன்று உடனே உதவிக்கு வந்தது. அந்த அம்மா தம் பையிலிருந்து மருந்தும் ஒட்டுத்துணியும் எடுத்து, என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தாமே காயத்தைத் துடைத்துக் கட்டினார். பிறகு எங்களைப் பாயில் உட்காரச் சொல்லி, உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த எப்போக் எப்போக் கொடுத்தார். சூடு ஆறியிருந்தாலும் அதன் காரம் நாக்கில் நின்றது. நாங்கள் கொண்டுபோன புளிச்சோற்றையும் உருளைக்கிழங்குப் பிரட்டலையும் அவர்களுக்குக் கொடுத்தோம். அவர்களுடைய மூத்த மகன் தூண்டில் முனையில் தொங்கிய செயற்கை மீனை என் மகனுக்குக் காட்டினான். இந்த ஏரிகளில் குறித்த இடங்களில் மட்டுமே மீன்பிடிக்கலாம். புழுவோ ரொட்டியோ மாட்டக்கூடாது, செயற்கை இரைதான். அதுவும் தண்ணீர் கெடாமல் இருப்பதற்காகத்தான் என்று அந்தப் பையன் சொன்னான். அப்பா அவனை மனமார மெச்சினார்.

திரும்பும் வழியில் பெரிய கருவியோடு நின்ற ஒரு புகைப்படக்காரர் உதட்டில் விரல் வைத்து எங்களை நிறுத்தினார். மரப்பட்டையோடு பட்டையாக கொலுகோ என்ற விலங்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பறக்கும் லெமூர் என்று அழைத்தாலும் அது லெமூரும் அன்று, பறப்பதும் இல்லை. கழுத்திலிருந்து வால் நுனி வரை விரியும் தோலைக் கொண்டு நூறு மீட்டருக்கு மேல்கூட மரம் விட்டு மரம் மிதந்து செல்லும். அவர் கருவியின் உயரத்தைக் குறைத்து, பிள்ளைகள் இருவரையும் வேண்டிய நேரம் பார்க்கவிட்டார். மகன் பார்த்தபோது அதன் வயிற்றோரம் ஒரு குட்டியின் முகம் வெளியே வந்ததாம். எனக்கு அது தெரியவில்லை. அவன் கண்டதை நான் நம்புகிறேன்.

மகனின் காலணியில் சேறு அப்பியிருந்தது. குடிநீர்ப் புட்டியைத் திறந்து அதன்மேல் ஊற்றப் போனவனை அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார். நான்கு நாட்களில் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

ஜூன் 13, வெள்ளி: அப்பர் சிலேத்தார்

பயணத்தில் மிக எளிய நாள். அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் கரையில் ராக்கெட் போல் நிற்கும் கோபுரத்தின் வளைந்த படிகளில் ஏறி, நான்கு பக்கமும் நீரையும் காட்டையும் பார்த்தோம். 1969இல் விரிவாக்கப்பட்ட நீர்த்தேக்கத்தை பிரிட்டிஷ் இளவரசி அலெக்சாண்டிரா திறந்துவைத்த ஆண்டில், பதினாறு வயதுப் பையனாக நண்பர்களுடன் மிதிவண்டியில் இங்கே வந்ததாக அப்பா சொன்னார். ஆளுக்கு 4.50 வெள்ளிக்குக் கட்டி வாங்கிய நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எறும்புகள் எங்களுக்கு முன்பே அதன் சம்பல் மிளகாய்த் தொக்கைக் கண்டுபிடித்துவிட்டன. வெயில் கடுமையாக இருந்ததால் பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு: திறந்திருந்த பாலம்

தந்தையர் தினம் என்பதால் கூட்டம் அதிகம். அப்பாவை இன்று வீட்டில் விட்டுவரலாம் என்று நான் நினைத்தேன். திங்களன்று நடந்த தூரத்தைத் திரும்பவும் நடந்து, பாலத்தைக் கடந்து, அதன் மறுபக்கத்துப் படிகளையும் ஏறி இறங்க வேண்டும். அது ஒருவழிப் பாதை; போனபின் திரும்ப முடியாது. அவர் என்னிடம் விவாதிக்கவில்லை. ஆறு மணிக்கே காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

பாலத்தின் வாயிலில் எங்களுக்கு முன்னால் நான்கு இளைஞர்கள் தமிழில் பேசிக்கொண்டு நின்றார்கள். கட்டுமானத் தளத்தில் வேலை. வாரத்தில் ஒரே விடுமுறையான இன்று பாலத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அப்பா கைப்பிடிக் கம்பியைப் பற்றிய விதத்தைப் பார்த்த சிவகங்கைக்காரர் ஒருவர், "ஐயா, நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வர்றேன். பாலம் ஆடும், பயப்படாதீங்க," என்றார். அப்படியே வந்தார். 2004இல் திறக்கப்பட்ட இந்தப் பாலம் புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரண்டு மேடுகளை இணைக்கிறது. மிக உயரமான இடத்தில் காட்டுத் தரை 25 மீட்டர் கீழே இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். ஒவ்வொரு காலடிக்கும் பலகை மெல்ல அசைந்தது. என் உள்ளங்கை வியர்த்தது. பிள்ளைகள் பின்னால் நின்று சிரித்துக்கொண்டே வந்தார்கள். கீழிருந்து அண்ணாந்து பார்த்த இலைகளை இப்போது மேலிருந்து குனிந்து பார்த்தோம்.

பாதிப் பாலத்தில், பச்சைக்கு அப்பால் அப்பர் பியர்ஸ் ஏரியின் நீர் தகடுபோல் மின்னியது. மகன் மீண்டும் தொடங்கினான்: அங்கேயாவது குளிக்கலாமா? யாரும் பதில் சொல்வதற்குள் அந்தச் சிவகங்கைக்காரர் சொன்னார்: "தம்பி, எங்க ஊர்ல ரெண்டு தண்ணி இருக்கு. கண்மாயில விழுந்து குளிப்போம், மாடு குளிப்பாட்டுவோம். ஊருணி பக்கம் செருப்போட போனாலே ஊரு கூடிரும். அது குடிக்கிற தண்ணி. இது ஊருணி."

மகன் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். நானும் அப்பாவும் பத்து மாதப் பங்கீடு, மண்ணெண்ணெய் டின் என்று சொன்னவை அவனுக்குக் கதையாகவே இருந்தன; குளிப்பதற்கு ஒரு தண்ணீர், குடிப்பதற்கு வேறொரு தண்ணீர் என்றதும் புரிந்துவிட்டது. அப்பா நின்றுவிட்டார். ஊருணி என்ற சொல்லைத் தம் அம்மாவின் வாயிலிருந்து கேட்டது, அதன் பிறகு இந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார். பின்னால் வந்தவர்கள் பொறுமையாகக் காத்து நின்றார்கள். ஒரு பெண்மணி அவருக்குத் தலைசுற்றுகிறதோ என்று எண்ணித் தம் விசிறியை நீட்டினார்.

மறுபக்கத்து மரப்படிகளில் அந்த இளைஞர் அப்பாவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டே நடந்தார். வழியில் அவரிடம் நான் கேட்டதற்கு, மழை பெய்தால் மேட்டு மண் கரைந்து வந்து ஊருணியை மேடாக்கிவிடும், அதனால் வரத்துக் கால்வாயை ஊரே பார்த்துக்கொள்ளும் என்றார். இங்கே அந்த வேலையைக் காடு செய்கிறது: இலையடுக்குகள் மழையின் வேகத்தைத் தடுக்கின்றன, வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன, ஏரிக்குப் போய்ச் சேரும் நீர் தெளிந்து போகிறது. 2,000 ஹெக்டருக்கு மேற்பட்ட இந்த வனத்தை நகரத்தின் நடுவில் விட்டுவைத்ததற்கு முதற்காரணம் குரங்கும் கொலுகோவும் அல்ல, குடிநீர்தான். அந்த நீரை நம்பித்தான் அவையும் பிழைத்திருக்கின்றன. வாசலில் பிரியும்போது சாப்பிட அழைத்தோம். துணி துவைக்க வேண்டும், நாளை நான்கரைக்கு எழ வேண்டும் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு நண்பர்களோடு போய்விட்டார். அவர் பெயரைக் கேட்க மறந்தது மனத்தை உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் ஐந்து சோடிக் காலணிகளையும் அப்பா தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தார். அரை வாளித் தண்ணீர் பிடித்தார். சேறு குறைந்ததில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழுவினார். வாளியின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியாக மகனின் காலணி. கலங்கிச் சிவந்த அந்த மிச்ச நீரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய், வாசலில் இருக்கும் பண்டான் செடித் தொட்டிக்கு ஊற்றினார்கள்.